ரப்பர்ப் பாலும் சிமெண்டும்: கதிரியக்கக் கழிவைக் கட்டிப்போடும் வேலை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் குளியலறையின் ஈரம் அடுப்பங்கரைச் சுவர்வரை ஏறிவிட்டதால், சென்ற ஆண்டு பழைய தரையைப் பெயர்த்துப் புதிதாகப் பூசச் சொன்னோம். வேலைக்கு வந்த தம்பி சிமெண்டையும் மணலையும் கலந்து நடுவில் குழி பறித்தார். தண்ணீர் ஊற்றுவார் என்று பார்த்தால், ஒரு டப்பாவைத் திறந்து பால் போன்ற வெள்ளைத் திரவத்தை ஊற்றினார். நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா எழுந்து வந்து அந்த டப்பாவில் விரலைத் தொட்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். சிறிது நேரத்தில் அது காய்ந்து, நூலாகத் திரண்டு உருண்டது.

“இது பால்தானே தம்பி? அமோனியா வாசம்தான் இல்லை.”

“இது மரத்துப் பால் இல்லை, பாட்டி. ஆலையில் செய்த பால். இதைச் சேர்த்துப் பூசினால் தண்ணீர் கீழே இறங்காது.”

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் மரப்பட்டையை வெட்டி, மங்கு என்ற கிண்ணங்களில் வடியும் பாலைச் சேர்த்துச் சுமந்தவர் அம்மா. அந்த விரல்கள் ஏமாறவில்லை. டப்பாவில் இருந்தது ஸ்டைரீன்-பியூட்டடையீன் என்ற செயற்கை ரப்பரின் நுண்துகள்கள் நீரில் மிதக்கும் பால். அதைச் சிமெண்டில் ஊற்றினால் பாலிமர் கலந்த சிமெண்டு கிடைக்கும். எங்கள் குளியலறையில் தண்ணீரைத் தடுத்த அதே கலவை வகைதான் உலகின் பல ஆய்வுக்கூடங்களில் கதிரியக்கக் கழிவைக் கட்டிப்போடவும் சோதிக்கப்படுகிறது. அறிவியல் ஆசிரியரான எனக்கு அன்று முதல் இந்த விஷயம் மனத்தை விட்டுப் போகவில்லை. பேராக்கில் வாழ்பவர்களுக்கு இது எங்கோ தொலைதூரத்து விஞ்ஞானமும் இல்லை.

எங்கள் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் புக்கிட் மேராவுக்கு. ஈயம் தோண்டி எடுத்தபின் மிஞ்சும் கனமான மணலை இங்கே எல்லாரும் ‘அமாங்’ என்பார்கள். அதில் மோனசைட் என்ற தாது உண்டு. அதிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்க ஏஷியன் ரேர் எர்த் என்ற நிறுவனம் 1982இல் அங்கே ஆலையை இயக்கத் தொடங்கியது. பிரித்தபின் மிஞ்சியது தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கழிவு. அதைப் பாப்பான் என்ற ஊரில் புதைக்கக் குழி வெட்டியபோது 1984இல் ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். வழக்கு ஈப்போ உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1992இல் தீர்ப்பு குடியிருப்பாளர்களுக்குச் சாதகமாக வந்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. அங்குள்ள பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததற்கு ஆலையே காரணம் என்று குடியிருப்பாளர்கள் சொன்னார்கள். நிறுவனம் அதை மறுத்தது.

துப்புரவு வேலை அதற்குப் பின் பல ஆண்டுகள் நடந்தது. 2011இல் வெளிவந்த செய்திகளின்படி, 80,000க்கும் மேற்பட்ட எஃகுப் பீப்பாய்களில் இருந்த கழிவைச் சிமெண்டோடும் ஜிப்சத்தோடும் கலந்து, கிளேடாங் மலைப்பகுதியில் அமைத்த கிடங்கில் நிரந்தரமாக வைப்பதுதான் திட்டம். சிமெண்டோடு கலப்பது என்ற அந்த ஒரு சொற்றொடரைச் செய்தித்தாள்கள் ஒரு வரியில் கடந்துபோய்விடுகின்றன. எனக்கு அந்த வரியில்தான் எல்லாம் இருப்பதாகத் தோன்றுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கதிரியக்கத்தைச் சிமெண்டோ பாலிமரோ அழிக்காது. தீயில் போட்டாலும் அமிலத்தில் கரைத்தாலும் அணுக்கரு தன் வேகத்திலேயே சிதையும். அது பாதியாகக் குறைய ஆகும் காலத்தை அரை ஆயுள் என்கிறோம். நம்மால் செய்ய முடிந்ததெல்லாம், அது சிதைந்து அடங்கும்வரை இருந்த இடத்திலேயே இருக்கச் செய்வதுதான். கழிவை ஊருக்குள் கொண்டுவரும் முதல் வாகனம் தண்ணீர். மழை மண்ணில் இறங்குகிறது, கழிவைத் தொடுகிறது, கரைத்துக்கொண்டு ஆற்றுக்கும் கிணற்றுக்கும் போகிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இந்த மாநிலத்தில் எதைப் புதைத்தாலும் தண்ணீரோடுதான் வழக்கு.

திரவமாகவோ சேறாகவோ தூளாகவோ இருக்கும் கழிவைச் சிமெண்டோடு பிசைந்து, பெரும்பாலும் 200 லிட்டர் பீப்பாயில் இறுகவிடுவது மிகப் பழைய, மலிவான, உலகமெங்கும் பழக்கத்தில் உள்ள முறை. பீப்பாய்க்குள்ளேயே துடுப்பை இறக்கிக் கலக்கி, துடுப்பை வெளியே எடுக்காமல் அப்படியே உள்ளே விட்டுவிடுவதும் உண்டு. எடுத்தால் அதைக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீரும் கழிவாகிவிடும்.

சிமெண்டு கழிவைப் பிடித்துக்கொள்வது இரண்டு விதமாக. ஒன்று எல்லாருக்கும் புரியும்: கல்லாக இறுகிவிட்டால் தண்ணீர் உள்ளே போவதும் வருவதும் கடினம். மற்றொன்று ரசாயனம், அதுதான் சுவையானது. இறுகிய சிமெண்டின் நுண்துளைகளில் தங்கியிருக்கும் நீரின் பி.எச். அளவு 12.5க்கு மேல் இருக்கும். அத்தனை காரமான நீரில் தோரியம், யுரேனியம், புளூட்டோனியம் போன்ற கன உலோகங்கள் பெரும்பாலும் கரையாமல் வீழ்படிவாக உட்கார்ந்துவிடும். சிமெண்டுக்கு வலுவைத் தரும் கால்சியம் சிலிக்கேட் ஜெல்லும் தன் பங்குக்குச் சில தனிமங்களைத் தன் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கிறது. ஆனால் சீசியம் இந்த இரண்டுக்கும் அடங்காது. அது சோடியம், பொட்டாசியத்தின் உறவு. எவ்வளவு காரமான நீரிலும் கரைந்தே இருக்கும். அணுமின் நிலையக் கழிவில் தலைவலி தருவதும் அதே சீசியம்தான். சிமெண்டில் களிமண்ணையோ ஜியோலைட் என்ற கனிமத்தையோ சேர்த்தால் அவை சீசியத்தைப் பிடித்துவைக்க உதவுகின்றன.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுவதைவிடச் செய்து காட்டலாம் என்று பள்ளி ஆய்வகத்தில் அகார்-அகார் கிண்ணங்களில் மூன்று சிமெண்டுக் கட்டிகள் வார்த்தோம். முதல் கட்டியில் சாப்பாட்டு உப்பு. இரண்டாவதில் மயில்துத்தம், அதாவது செப்பு சல்ஃபேட். மூன்றாவதில் உப்போடு, குளியலறை வேலையில் மிஞ்சிய அந்த வெள்ளைப் பால். உப்பு சீசியத்தின் வேடத்திலும், செம்பு கரையாத கன உலோகத்தின் வேடத்திலும் நடிக்க வேண்டும் என்பது எண்ணம். இறுகிய கட்டிகளைத் தண்ணீரில் மூழ்கவைத்து, குறித்த நேரத்தில் தண்ணீரை மாற்றி, எடுத்த தண்ணீரைச் சோதிப்பதுதான் வேலை. அமெரிக்கத் தர முறை ஒன்றில் இந்தக் கால அட்டவணை 2 மணி, 7 மணி, 24 மணி நேரம் என்று தொடங்கி 19, 47, 90ஆம் நாட்கள் வரை போகும். நாங்களும் அதையே பின்பற்றினோம்.

சோதனை தொடங்கும் முன்பே ஒரு பாடம் கிடைத்தது. மயில்துத்தம் போட்ட கட்டி மற்ற இரண்டும் இறுகிய பின்னும் விரல் பட்டால் குழிந்தது. நாங்கள் அதைத் தவறு என்று நினைத்தோம். உண்மையில் அணுமின் நிலையங்களிலும் இதே தொல்லை உண்டு. அழுத்தநீர் உலைகளில் அணுவினையைக் கட்டுப்படுத்த நீரில் போரிக் அமிலம் சேர்க்கிறார்கள். அந்த நீர் கழிவாகும்போது அதிலுள்ள போரேட்டுகள் சிமெண்டை இறுகவிடாமல் தாமதப்படுத்தும். அதனால் முன்கூட்டியே சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். சிமெண்டு எதைக் கொடுத்தாலும் விழுங்கும் என்று நினைப்பது தவறு. சல்ஃபேட் அதிகமான கழிவு, இறுகிய கட்டிக்குள்ளேயே எட்ரிங்கைட் என்ற படிகமாக வளர்ந்து அதை உள்ளிருந்து விரிசல் விடச் செய்யும். அலுமினியம், மெக்னீசியம் போன்ற உலோகத் துண்டுகள் காரத்தில் அரிக்கப்பட்டு ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை அயனிப் பரிமாற்றப் பிசின். உலை நீரைச் சுத்திகரிக்கும் சிறு மணிகள் இவை, ஜவ்வரிசியைவிடச் சிறியவை. கதிரியக்க அயனிகளைப் பிடித்துப் பிடித்து நிறைந்தபின் இவையே கழிவாகின்றன. ஜவ்வரிசி தண்ணீரில் ஊறி உப்புவது போல இவையும் ஈரத்தில் உப்பும். சிமெண்டுக்குள் வைத்து இறுக்கிய பிறகு தண்ணீர் பட்டால், உள்ளே உப்பிக் கட்டியைப் பிளந்துவிடும். ஆகவே ஒரு பீப்பாயில் மிகக் குறைந்த அளவு பிசினைத்தான் சேர்க்க முடிகிறது. கழிவு கொஞ்சம், சிமெண்டு மிகுதி என்றால் பீப்பாய்களின் எண்ணிக்கை பெருகும். கிடங்கின் இடம் கரையும்.

பாலிமர் பக்கம் பொறியாளர்கள் திரும்பியது இதனால்தான். பிரான்சில் மின்நிலையம் மின்நிலையமாகப் போகும் நடமாடும் இயந்திரங்கள் இந்தப் பிசின் மணிகளை எப்பாக்சி என்ற பாலிமரில் பொதிந்து இறுக்குகின்றன. பாலிமருக்குள் தண்ணீர் புகுவது மிகக் குறைவு, கழிவையும் அதிகம் ஏற்றலாம். ஆனால் பாலிமரிடம் சிமெண்டின் அந்தக் காரக் குணம் இல்லை. அது கழிவைச் சுற்றி வேலி கட்டுகிறது, அவ்வளவுதான்; வேலி உடைந்தால் உள்ளே இருப்பதைப் பிடித்து நிறுத்த ரசாயனம் ஏதும் கிடையாது. 1970களில் அமெரிக்காவில் யூரியா-ஃபார்மால்டிஹைட் என்ற பிசினில் கழிவை இறுக்கிப் பார்த்தார்கள். இறுகியபின் அமிலத்தன்மையுள்ள நீர் தனியாகப் பிரிந்து பீப்பாயை அரிக்கத் தொடங்கியதால் அதைக் கைவிட வேண்டி வந்தது. தாரில் பொதிப்பதும் இதே குடும்பத்து முறைதான். 1997 மார்ச் 11 அன்று ஜப்பானின் தோக்காய் ஆலையில் தாரோடு கலந்த கழிவு தீப்பிடித்து, பிறகு வெடித்தது; 37 தொழிலாளர்கள் கதிரியக்கத்துக்கு ஆளானார்கள். எரியக்கூடிய பொருளை வைத்து எரியக்கூடாத ஒன்றைக் காப்பதில் உள்ள ஆபத்து அன்று உலகுக்குத் தெரிந்தது.

கதிர்வீச்சே பாலிமரைத் தின்னும் என்பதையும் மறக்கக் கூடாது. பாலிமர் என்பது நீண்ட சங்கிலி. காமா கதிர் பட்டால் சில வகைகளில் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து முதலில் கெட்டியாகி, பிறகு நொறுங்கும் தன்மை பெறும். வேறு சில வகைகளில் சங்கிலி அறுந்து மாவாகிவிடும். இரண்டிலும் ஹைட்ரஜன் போன்ற வாயுக்கள் வெளிவரும். பென்சீன் வளையம் கொண்ட பாலிஸ்டைரீன் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். நம் ரப்பரில் பிணைப்பு உண்டாகும் வகையே மேலோங்கி நிற்கிறது. பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி முகமை, ரப்பர்ப் பாலைக் கந்தகத்துக்குப் பதில் காமா கதிராலேயே முறுக்கேற்றும் முறையில் பல ஆண்டுகள் உழைத்திருப்பது இந்தக் குணத்தை நம்பித்தான். அளவோடு பட்டால் ரப்பருக்கு வலு. அளவு மீறினால் கேடு.

ஒன்றின் குறையை மற்றொன்றால் மூட முடியுமா என்ற கேள்வியில்தான் கூட்டுப்பொருள் பிறக்கிறது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில், இறுகிய கான்கிரீட்டை உலர்த்தி, ஸ்டைரீன் அல்லது மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற திரவத்தில் ஊறவைத்து, துளைகள் நிறைந்தபின் வெப்பத்தாலோ கதிராலோ அந்தத் திரவத்தைப் பாலிமராக இறுக்கினார்கள். கான்கிரீட்டின் வலு ஏறக்குறைய நான்கு மடங்கானது. அது உறிஞ்சும் நீர் மிகச் சிறிய பங்காகக் குறைந்தது. சிமெண்டு தன் காரத்தாலும் ஜெல்லாலும் கழிவைப் பிடிக்கிறது. பாலிமர் துளைகளின் வாயை அடைக்கிறது. செலவும் வேலையும் அதிகம் என்பதால் இது எல்லா இடத்திலும் பரவவில்லை.

இதைவிட எளிய வழி, எங்கள் குளியலறையில் நடந்ததுதான்: கலக்கும்போதே பாலை ஊற்றிவிடுவது. சிமெண்டு இறுக இறுக நீரைக் குடித்துக்கொள்கிறது. நீர் குறையும்போது பாலில் மிதந்த ரப்பர்த் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி, தொட்டு, ஒட்டிப் படலமாகின்றன. அம்மாவின் விரல்களுக்கிடையே நடந்தது அதேதான். அந்தப் படலம் சிமெண்டின் நுண் விரிசல்களுக்குக் குறுக்கே பாலம் போடுகிறது. பிசின் மணி உப்பும்போது வெறும் சிமெண்டு பிளந்துவிடும். ரப்பர்ப் படலம் உள்ள சிமெண்டு சிறிது நெளிந்துகொடுக்கும்.

இந்த எண்ணம் தொடங்கியதே மரத்துப் பாலில்தான் என்பதைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ரப்பர்ப் பாலில் சிமெண்டைச் சேர்த்துச் சாலை போடும் முறைக்கு 1923இல் கிரெஸன் என்பவர் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு லெஃபெபூர் என்பவர், பாலையும் சிமெண்டையும் இன்ன விகிதத்தில் கலக்க வேண்டும் என்ற இன்றைய கருத்தோடு இன்னொரு காப்புரிமை பெற்றார். ரப்பர் விலை விழுந்து, மலாயாவின் உற்பத்தியைக் கட்டுப்படுத்த ஸ்டீவன்சன் திட்டம் நடப்பில் இருந்த ஆண்டுகள் அவை. நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலை பிரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று வெட்டிய பாலுக்கு உலகம் புதுப்புது வேலை தேடிக்கொண்டிருந்தது.

மரத்துப் பாலைச் சிமெண்டில் கலப்பது எளிதன்று. அதிலுள்ள ரப்பர்த் துகள்களைச் சூழ்ந்திருக்கும் புரதமும் கொழுப்பும் எதிர்மறை மின்னூட்டம் கொண்டவை. அதனால்தான் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் அந்த விலக்கம் போய்ப் பால் உறையும். சிமெண்டிலிருந்து வெளிவரும் கால்சியம் அயனியும் அதே வேலையைச் செய்துவிடும். கலக்கும்போதே பால் திரிந்து கட்டி கட்டியாகிவிட்டால் படலம் எங்கே உருவாகும்? வெயில் ஏறிவிட்டால் வாளியிலேயே பால் உறைந்து கட்டிப்பாலாகி, கூலி குறைந்துபோன கதையை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். “அமோனியாவை நேரத்தோடு ஊற்ற வேண்டும், ஊற்றாவிட்டால் அன்றைய உழைப்பு போச்சு” என்பார். சிமெண்டில் கலக்கும் பாலுக்கு அமோனியா மட்டும் போதாது. கால்சியத்தைத் தாங்க வேறு நிலைப்படுத்திகளும் வேண்டும். செயற்கைப் பால்களில் அதை ஆலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். சந்தையை அவை பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிமெண்டையே மாற்றி எழுதும் வழியும் உண்டு, அதை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் சவன்னா ரிவர் வளாகத்தில் 1990இல் செய்யத் தொடங்கிய ‘சால்ட்ஸ்டோன்’ கலவையின் உலர்தூளில் சிமெண்டு 10 சதவீதம்தான். மீதி இரும்பு உலைக் கசடும் நிலக்கரிச் சாம்பலும் சரிபாதி. இறுகும்போது எழும் சூடு குறைகிறது. கசடில் உள்ள கந்தகச் சேர்மங்கள், எளிதில் கரைந்தோடும் டெக்னீசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கரையாத வடிவுக்கு மாற்றிவிடுகின்றன.

இனிக் காலக் கணக்கு. மருத்துவமனையில் ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்தில் பாதியாகிறது. தைராய்டு சிகிச்சைக்கான அயோடின்-131க்கு 8 நாள். இவற்றைப் பூட்டிவைத்துக் காத்திருந்தாலே போதும், சிமெண்டு தேவையில்லை. சீசியம்-137க்கு 30 ஆண்டு. பத்து அரை ஆயுள், அதாவது 300 ஆண்டு கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பிரான்சில் 1969 முதல் 1994 வரை கழிவு ஏற்ற லா மான்ஷ் கிடங்கை 300 ஆண்டு கண்காணிக்க வேண்டும் என்பதன் பின்னால் இருப்பதும் இந்தக் கணக்குதான். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசஃப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். அந்தப் பொருளுக்கே வயது 200 ஆண்டுதான். ரோமானியர்களின் பழைய கான்கிரீட் 1,900 ஆண்டு நிற்கிறது என்பது நம்பிக்கை தருகிறது. சீசியம் போன்றவற்றுக்கு நல்ல சிமெண்டும், துளை அடைக்கும் பாலிமரும், சுற்றிலும் களிமண்ணும் கூடினால் 300 ஆண்டைத் தாண்டிவிடலாம் என்று நான் நம்புகிறேன்.

தோரியம்-232இன் அரை ஆயுள் 1,405 கோடி ஆண்டு. பூமியின் வயதைப் போல மூன்று மடங்கு. இந்தக் கணக்கில் சிமெண்டின் ஆயுளைப் பேசுவதில் பொருளே இல்லை. அப்படியானால் பேராக்கில் சிமெண்டைக் கலப்பது எதற்கு? தோரியம் ஹைட்ராக்சைடு தானாகவே நீரில் மிகக் குறைவாகத்தான் கரையும். சிமெண்டின் காரம் அதை இன்னும் அடக்கி வைக்கும். தோரியம் சிதையும் வழியில் தோரான் என்ற வாயு பிறக்கிறது. அதன் அரை ஆயுள் 56 நொடிதான். இறுகிய கட்டிக்குள் அந்த வாயு சில நிமிடம் தடுமாறி நின்றாலே போதும், வெளியே வரும் முன் உள்ளேயே சிதைந்து திடப்பொருளாகிவிடும். தூளாகக் கிடந்தால் காற்றில் பறக்கும், தொழிலாளர் மூச்சில் ஏறும், கல்லானால் பறக்காது. இவை உண்மையான நன்மைகள். ஆனால் சிமெண்டு மெல்ல மெல்லக் காற்றின் கரியமில வாயுவை உறிஞ்சிக் காரத்தை இழக்கும். மண்ணடி நீர் அதன் சுண்ணாம்பைக் கரைக்கும். பாலிமரும் அதற்கு முன்போ பின்போ சோர்ந்துவிடும். அதன்பின் காவல் நிற்பது மேலே போட்ட களிமண்ணும் கருங்கல்லும், மழைநீரைத் திசைதிருப்பும் வடிகாலும், அந்த வடிகாலைத் தூர்வாரும் மனிதர்களும்தான். குவாந்தானுக்கு அருகே கெபெங்கில் உள்ள லைனாஸ் அரிய மண் ஆலையின் தோரியக் கழிவைப் பற்றிப் பல ஆண்டுகளாக நாடு விவாதித்து வருகிறது. “சிமெண்டில் கலந்துவிடுவோம்” என்றோ “எதில் கலந்தாலும் பயனில்லை” என்றோ அங்கே யாராவது சொன்னால், எந்தத் தனிமம், எத்தனை ஆண்டு, நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் என்று நம் பிள்ளைகள் எழுந்து கேட்க வேண்டும் என்பதே என் ஆசை.

எங்கள் கட்டிகளுக்கு வருகிறேன். எடுத்த நீரை முதலில் நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்கி, பிறகு சில்வர் நைட்ரேட் விட்டால், உப்பு இருந்தால் வெள்ளையாகக் கலங்கும். முதல் கட்டியின் நீர் 2 மணி நேரத்திலேயே அரிசி கழுவிய தண்ணீர் போலாயிற்று. மயில்துத்தக் கட்டியின் நீரில் அமோனியா விட்டோம். செம்பு வந்திருந்தால் கருநீலம் காட்ட வேண்டும். 5 நாள் ஆகியும் நீலம் வரவில்லை. 19ஆம் நாளும் வரவில்லை. சிமெண்டின் காரம் செம்பை அப்படியே பிடித்திருந்தது. பால் சேர்த்த கட்டியின் நீர் முதல் நாள் தெளிவாகவே இருந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். 47ஆம் நாள் அடித்தளத்தில் பனிபோல ஏதோ தெரிந்தது. 90ஆம் நாள் அம்மாவும் பள்ளிக்கு வந்திருந்தார். சோதனைக் குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மூன்று துளி விழுந்ததும் அதில் மெல்லிய வெண்மை படர்ந்தது. “மங்கு கழுவிய தண்ணீர் இப்படித்தான் இருக்கும்” என்றார் அம்மா.